நாகேஸ்வரியின் பதினான்கு நிமிடம்

நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். றஜிதா பொய் சொல்லுகிற ஆள் இல்லை. பேய் என்று யாராவது வாய் திறந்தாலே, "உங்களுக்கு வேறை வேலை இல்லையோ?" என்று எழும்பிப் போகிறவள். அவளுக்குத்தான் இது நடந்தது. போன ஆவணியில், ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கையில் ஒரு வீடு. அதன் பின்னறையில் பழைய ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றுவதுதான் அவள் வேலை. முன்பு ஒரு வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவு செய்தவள். வயது முப்பத்தாறு. வாடகை அறையில் தனிச் சீவியம். நாள் முழுக்கக் கேட்பதெல்லாம் செத்துப்போனவர்களின் குரல்கள். அவர்களோடு கதைத்துக் கதைத்தே பழகிவிட்டாள், பாவம்.

அன்று மேசையில் இருந்தது உடுவில் கேதீஸ்வரி அம்மாவின் நாடா. அவருடைய தாய் நாகேஸ்வரி தமிழ் ஆசிரியை. 1957இல் கொழும்புக்கு ரயிலேறிப் போய், வானொலியின் இலக்கிய மாலை நிகழ்ச்சிக்காக, நெய்தல் நிலத்துப் பெண்களைப் பற்றிப் பதினான்கு நிமிடம் பேசியவர். அடுத்த வருடமே காய்ச்சலில் போய்விட்டார். மகளுக்கு அப்போது மூன்று வயது.

"படம் கிடக்கு, பிள்ளை. குரல்தான் ஞாபகமில்லை," என்றார் கேதீஸ்வரி அம்மா, நாடாவைத் தந்தபோது. "வியாழக்கிழமை கனடாவுக்குப் போறன். இனி இந்தப் பக்கம் வரமாட்டன். ஒருக்காக் கேட்டிட்டுப் போறனே..."

நாடாவின் பூச்சு உதிர்ந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு தடவைதான் ஓடும். இடையில் நிறுத்தினால் அறுந்துவிடும். அப்புறம் அந்தத் தாய்க்குக் குரலே இல்லை.

மாலை 6.02. நாடாப் பொறியை ஓடவிட்டாள்.

சர்ர்ர்ர்... ஒரு பெண் தொண்டையைச் செருமினாள்.

இப்போது குரலின் அளவைச் சரிபார்க்க வேண்டும். பேச வந்தவர்களை ஒன்று, இரண்டு எண்ணச் சொன்னால் குரல் விறைத்துவிடும். அதனால் வானொலிக்காரர் என்ன சாப்பிட்டீர்கள் என்றுதான் கேட்பார்கள். பழக்கதோஷம்... குமிழைத் திருகியபடி றஜிதாவும் கேட்டுவிட்டாள்.

"என்னம்மா சாப்பிட்டனீங்கள்?"

"இடியப்பமும் சொதியும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் காலத்து ஒலிப்பதிவாளரும் இதைத்தான் கேட்டிருப்பார் போல. அவர் குரல் நாடாவில் விழவில்லை, அவ்வளவுதான்.

6.03.

"நீர் சாப்பிட்டனீரோ?"

சரி. அதுவும் அந்த ஒலிப்பதிவாளரைத்தான் கேட்டிருப்பார்...

"பிள்ளை, உம்மைத்தான் கேக்கிறன்."

றஜிதாவின் கை குமிழிலேயே நின்றது. அறையில் மைக் இல்லை. அந்தப் பொறி பதிவு செய்யும் பொறியுமில்லை.

"இல்லை..." என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"ஏன்?"

"தனியச் சாப்பிட மனமில்லை, அம்மா."

சர்ர்ர்... சர்ர்ர்...

அப்படி ஒருவர் கேட்டு எத்தனை வருடம்! பயத்துக்குள்ளும் அவளுக்கு அழுகை வந்தது.

"உம்மடை பேர் என்ன?"

"றஜிதா."

"புதுப் பேராக் கிடக்கு."

விரல் நிறுத்தும் பொத்தான் வரை போனது. அமத்தினால் முடிந்தது... நாடாவும் முடிந்தது. கேதீஸ்வரி அம்மாவின் முகம் நினைவில் வந்தது.

விரலை எடுத்தாள்.

6.05.

"தொடங்கட்டோ?"

"ஓம்... தொடங்குங்கோ."

"வணக்கம்," என்றது குரல்.

பதினான்கு நிமிடம். கடலுக்குப் போனவனுக்காகக் கரையில் காத்திருக்கும் பெண்களைப் பற்றி, நிதானமாக, அழகாக... றஜிதா அசையவில்லை.

6.19. தப்... தப்... தப்... நாடா முடிந்து வெறுமனே சுழன்றது.

கணினியில் பதிவானதைப் போட்டுப் பார்த்தாள். வணக்கத்தில் தொடங்கி நன்றியில் முடிந்தது. அதற்கு முன்னால் வெறும் இரைச்சல். சாப்பாட்டுக் கதையும் இல்லை, பேர் கேட்டதும் இல்லை. வெறும் வயிறு செய்த வேலை என்று தன்னையே ஏசிக்கொண்டு கதவைப் பூட்டினாள்.

மறுநாள் பின்னேரம் 5.30க்குக் கேதீஸ்வரி அம்மா வந்தார். காதில் ஹெட்போனை மாட்டியதும் முதல் சொல்லிலேயே "என்ரை அம்மா..." என்று வாயைப் பொத்தினார். எழுபது வயதுப் பெண், சின்னப்பிள்ளை போல விம்மி விம்மி அழுதார். றஜிதாவும் அழுதாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார்.

"நேற்றுப் பெட்டி அடுக்கேக்கை ஆப்பிட்டது. பேச்சு முடிஞ்ச அண்டைக்கு அம்மா கொழும்பிலை இருந்து அப்பாவுக்குப் போட்டது. புதினத்தைப் பாரும், உம்மடை பேர் கிடக்கு."

மை மங்கியிருந்தது. ஆனால் எழுத்து மணிமணியாக இருந்தது.

"பேச்சு நன்றாக நடந்தது. கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவுக்கு ஒரு பிள்ளை இருந்தாள். பெயர் றஜிதாவாம். மத்தியானம் சாப்பிடவில்லை, தனியே சாப்பிட மனமில்லை என்றாள். கேட்கப் பாவமாக இருந்தது. ஆனால் அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று விளங்கவில்லை. ஒரு நெடிய மனிதர் அவளுக்குப் பின்னால், அவள் தோளில் இரண்டு கைகளையும் வைத்தபடி, கடைசிவரை நின்றுகொண்டுதானே இருந்தார்."

"தகப்பனாக்கும்," என்றார் கேதீஸ்வரி அம்மா.

றஜிதா மெல்லத் திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தாள்.

அவரை ஏற்றிப்போக வந்த வான் வாசலில் ஹோர்ன் அடித்தது. "போட்டு வாறன், பிள்ளை," என்று அவர் எழும்ப, றஜிதாவும் கூடவே வெளியே வந்தாள். வான் ஒழுங்கை முடக்கில் திரும்பிப் போய்விட்டது.

6.10.

கைப்பையும் வாடகை அறைக் கதவின் திறப்பும் அந்தப் பின்னறைக்குள்ளேதான் இருந்தன. கையில் கைபேசி மட்டும். உள்ளே போகத் துணைக்கு வரச்சொல்ல ஒருவர் வேண்டும். பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.

7.15க்கும் அவள் ஒழுங்கையிலேயே நின்றுகொண்டிருந்தாள்.