வால்வு உடைந்த மூன்று நாள்

போன வாரம் எங்கள் அடுக்குமாடிக் குழுவில் விடிந்ததும் ஒரு செய்தி: 'மோட்டார் பழுது. இன்று தண்ணீர் வராது.' செவ்வாப்பேட்டையில் மகள் வீட்டோடு ஒண்டிக்கொண்டிருக்கும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயில் பல்பொடி நுரையோடு மகள் முறைத்தாள். சும்மா குழாயைத் திருகிப் பார்த்தேன். புஸ்ஸென்று காற்றும் துரு வாடையும் வந்தன. அந்த வாடையில்தான் நான் ஒரு காலத்தில் ராஜாங்கம் நடத்தினேன்.

கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் எங்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு நான்தான் ஆபரேட்டர். பெயர்தான் பெரிசு, மோட்டார் போட வேண்டும், தெருத் தெருவாக வால்வைத் திறந்து மூட வேண்டும், அவ்வளவுதான். சுற்றிலும் கம்பெனிகள் ஆழ ஆழ போர் போட்டு ஊர்க் கிணறுகள் வற்றிப்போய், எல்லோரும் அந்த ஒரே தொட்டியை அண்ணாந்து பார்த்திருந்த காலம் அது. தோளில் நீளமான வால்வுச் சாவியோடு நான் நடந்தால் கலெக்டர் தோற்றார். என் பெண்டாட்டி மட்டும் மதித்ததில்லை.

ரோட்டுக்கு அந்தப் பக்கத் தெருவில் சரோஜா என்று ஒருத்தி. கட்டட வேலைக்குப் போகிறவள், கொஞ்சம் வாய் நீளம். ரேஷன் கடை வரிசையில் பத்துப் பேர் முன்னால் கேட்டுவிட்டாள்.

"இவரு மாமியா ஊட்டுத் தெருவுக்கு ஒரு மணி நேரம், எங்களுக்குக் கால் மணியா? தொட்டி இன்னா, இவங்க அப்பன் ஊட்டு சொத்தா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். மறுநாள் அந்தத் தெரு வால்வை இறுக்கி மூடினேன். கேட்டவர்களிடம், "வால்வு ஒடைஞ்சுபோச்சு. திருவள்ளூர்லேர்ந்து சாமான் வரணும்" என்றேன். அந்தத் தெருப் பெண்கள் குடத்தோடு லாரிகளுக்கு நடுவே ரோட்டைக் கடந்து, எங்கள் பக்கம் வந்து பிடித்துப் போனார்கள். நான் டீக்கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களிடம் மறைப்பானேன், சுகமாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் காலை சரோஜாவின் மாமனார் செத்துப்போனார். சாவுத் தீட்டு என்று சொல்லி எங்கள் பக்கத்துக் குழாயில் யாரும் அந்தத் தெருக் குடத்தை வைக்க விடவில்லை. குளிப்பாட்டாமல் பிணத்தை எடுக்க முடியாது. பத்துப் பேர் என்னைத் தேடி வந்தார்கள்.

அப்போதே திறந்திருக்கலாம். திறந்தால் வால்வு உடையவே இல்லை என்று தெரிந்துவிடுமே! சாவியையும் ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு வால்வுக் குழிக்குள் இறங்கி, குழாயைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம். மேலே வெயிலில் நின்றவர்கள், "பாவம், நாஷ்டாகூட துன்னாம வேலை பாத்துக்கினு கீறாரு" என்று பேசியது கேட்டது.

பிறகு சரோஜாவே வந்தாள். சாவு வீட்டில் அடுப்பு எரியாது. யாரோ கொண்டுவந்த டீயில் எனக்கும் ஒரு டம்ளர் எடுத்து வந்திருந்தாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

"அன்னிக்கு ஏதோ பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்கண்ணா. வெயில்ல பொணம் தாங்காது. கொஞ்சம் சீக்கிரம் பாருங்க."

டீயை வாங்கிக் குடித்தேன். சர்க்கரை தூக்கலாக இருந்தது. அதற்கப்புறமும் பத்து நிமிஷம் தட்டினேன், நம்பும்படி இருக்க வேண்டாமா? பிறகு நாலு சுற்று திருகினேன். அந்தத் தெருவுக்குத் தண்ணீர் பாய்ந்தது.

இப்போது அந்தத் தொட்டியை இடித்துவிட்டார்கள். போர்த் தண்ணீர் உப்பாகி வாயில் வைக்க முடியாமல் போனது, ஊரே கேன் தண்ணீர் குடிக்கிறது. வால்வுக் குழியை மூடி மேலே சிமென்ட் ரோடு போட்டாயிற்று. இரண்டு வருடத்துக்கு முன் சரோஜாவும் போய்ச்சேர்ந்தாள். அவளிடம் ஒருநாள் சொல்லிவிட வேண்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தவன், சாவுக்குத்தான் போனேன்.

நாலு கேனைக் கவிழ்த்து அவளைக் குளிப்பாட்டினார்கள். அவள் மகன் என் கையைப் பிடித்துச் சொந்தக்காரர்கள் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான்.

"எங்க தாத்தா செத்தன்னிக்கு சோறு தண்ணி இல்லாம குழில எறங்கி வால்வு சரி பண்ணாரே, இவருதான். அம்மா கடைசி வரைக்கும் சொல்லிக்கினே இருந்துச்சு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"ஆமாம்ப்பா, அன்னிக்கு ரொம்பப் பேஜாராப் போச்சு" என்றேன்.