தொலைந்தவர் அல்ல

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். சட்டத்தைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதப் போவது ஒரு சாயங்கால அறிவிப்பைப் பற்றித்தான்.

நாலு பேர் எதிரில் எனக்குப் பேச்சு வராது. தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தால் வரும். அதனால் மைக் செட் கடை முதலாளி, பௌர்ணமிதோறும் அடி அண்ணாமலையில், கிரிவலக் கூட்டத்தில் தொலைந்தவர்களைக் கூப்பிடும் பந்தலில் என்னை உட்கார வைப்பார். "எங்கிருந்தாலும் பந்தலுக்கு வரவும்" என்பேன். பெரும்பாலும் வந்துவிடுவார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பௌர்ணமி. பொழுது சாய்வதற்குள் ஒரு பெண் வந்து, புருஷனைக் கூப்பிடச் சொன்னாள். கல் குவாரியில் சங்கம் வைத்தவராம்.

"எந்த இடத்துல பிரிஞ்சீங்க?" என்றேன்.

"பிரியலைங்கண்ணா. போன மாசம் டீக்கடையாண்ட போலீஸ் ஜீப்புல ஏத்திட்டுப் போனாங்க. ஸ்டேஷன்ல கேட்டா, நாங்க கூட்டியாரவே இல்லைனு சொல்றாங்க."

முதலாளி சிரித்தார். "போன பௌர்ணமிக்கு ஒருத்தன் மாமியாரத் தொலைச்சிட்டு, மெதுவா கூப்பிடுங்கனு சொன்னான். நீ போலீஸையே கூப்பிடச் சொல்றியாம்மா?"

அவள் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார்.

"கோர்ட்டுல ஆட்கொணர்வு மனு போடலாம்னு வக்கீலு சொல்றாரு. பாத்தவங்க ஒருத்தராச்சும் வேணுமாம். கடையில அத்தினி பேர் இருந்தாங்க, யாரும் வாயத் தெறக்கல. ஊர்க்காரங்க இன்னிக்கு மலை சுத்துவாங்க இல்ல, காதுல விழட்டும். ஆளத் தூக்கிட்டுப் போயி இல்லைனு சொல்றதுக்குனு தனியா சட்டமே இல்லையாம்ணா. ஸ்டேஷன்ல காணாமப் போனாருன்னு எழுதிக் குடுனு சொல்றாங்க. அவரு என்ன, வழி தெரியாத கொழந்தையா?"

இன்றும் அப்படித் தனிச் சட்டம் வரவில்லை என்கிறார்கள். வர வேண்டும். அந்தக் குற்றத்துக்கு ஒரு பெயரும், ஆளை மறைத்தவர்களுக்குத் தண்டனையும் இருந்திருந்தால், அவள் மைக் செட்காரனைத் தேடி வந்திருக்க மாட்டாள்.

முதலாளி எழுந்தார். "சொல்றதுனா சொல்லுடா. நான் டீ குடிக்கப் போறேன்."

வழக்கமான வார்த்தைகள்தான் முதலில் வாயில் வந்தன, விழுங்கினேன். அவள் புருஷன் பெயரைச் சொல்லி, "இவர் தொலைந்தவர் அல்ல. டீக்கடை எதிரில் ஜீப்பில் ஏற்றிச் செல்லப்பட்டவர். பார்த்தவர்கள் பந்தலுக்கு வரவும். மனைவி காத்திருக்கிறார்" என்றேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். சிலர் நின்று கேட்டார்கள், பிறகு நடந்தார்கள். பந்தலுக்கு யாரும் வரவில்லை. அவள் தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

அடுத்த பௌர்ணமிக்குப் பந்தலில் வேறு ஆளை உட்கார வைத்தார்கள். அதற்குள் அந்த டீக்கடை மாஸ்டர் அவள் வீட்டுக்குப் போய், பார்த்ததை வக்கீலிடம் சொல்வதாகச் சொன்னார்.