வாவி நடுவில் கேட்ட குரல்

என் மனைவி அரபு நாட்டில் வீட்டு வேலை செய்கிறாள். வாவியில் தனியே மீன்பிடிக்கும்போது அவள் குரலைக் கேட்கலாமே என்று, ஒருநாள் அவளோடு பேசும்போது சொல்லாமல் போனில் பதிவை அழுத்தினேன். உடனே போனுக்குள் யாரோ ஒரு பெண் இங்கிலீசில் ஏதோ சொன்னாள். அழுதுகொண்டிருந்த மனைவி சட்டென்று, "நான் நல்லா இருக்கன். இவங்க நல்ல ஆக்கள்" என்றாள்.

மறுநாள் தோணியில் அதைப் போட்டுக் கேட்டேன். "நான் நல்லா இருக்கன்" என்று என் மனைவியல்ல, முன்பின் தெரியாத ஒருத்தி எதிரே இருந்து பேசுவது போலிருந்தது.

பிறகு மனைவியே போன் எடுத்தாள். "இஞ்சருங்க, 'பதியுறம்' எண்டு ஒரு பொம்பிளை சொன்னாளே, ஆரு பதிஞ்ச?"

"நான்தான்."

"கேக்காமப் பதிஞ்சா இஞ்ச மறியல்ல அடைச்சிடுவாங்க!"

"நான் ஊரில, செட்டிபாளையத்திலதானே இருக்கன்?"

"என்ட வாய் இஞ்சதானே இருக்கு!"

இப்போது "பதியட்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் பேசுகிறேன். அவள் "ஓம்" என்று சொல்லும் நாட்களில் அழுவதில்லை, "நல்லா இருக்கன்" என்று மட்டும் சொல்கிறாள்; அந்த நாட்களில்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.