பெண்கள் வார்டுக்குப் போய்வந்தவள்

என் மனைவி திண்டிவனத்தை அடுத்த வல்லம் பக்கத்துக் கிராமப் பள்ளிகளில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். நான் அரசு பஸ் கண்டக்டர். அவளுக்கு இரண்டு வருடம் முன்பே ஓய்வு பெற்றுவிட்டேன். அவளும் வந்துவிட்டால் திண்டிவனத்து வீட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்குச் சேர்ந்து உட்காரலாம் என்று காத்திருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து அதற்கு வாய்த்ததில்லை.

அவள் ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம், பக்கத்துத் தெருவில் வீட்டுவேலை செய்கிற பெண்ணுக்கு ஆபரேஷன். துணைக்கு ஆளில்லை என்று இவள் விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரியில் நான்கு நாள் கூட இருந்தாள். திரும்பி வந்ததும், "கூட யாருமே இல்லாம எத்தினி பொம்பளைங்க கெடக்கறாங்க தெரியுமா? புள்ளைங்க எல்லாம் பெங்களூர்ல" என்றாள். அடுத்த வாரத்திலிருந்து தினமும் காலை பஸ்ஸில் கிளம்பிவிட்டாள்.

அங்கே அவள் செய்ததெல்லாம் சின்ன வேலைகள். நடக்க முடியாதவர்களை வீல்சேரில் ஸ்கேன் எடுக்கிற இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போவாள். தலைவாரி விடுவாள். பிள்ளைகளுக்குப் போன் போட்டு, வகுப்பில் அதட்டுகிற குரலில், "உங்கம்மா சோறு திங்கல. ஞாயித்துக்கெழம வந்து நில்லு" என்பாள். டாக்டரிடம் உடம்பைக் காட்டக் கூச்சப்படுகிறவர்களைப் பேசிப்பேசிச் சம்மதிக்க வைப்பாளாம். இதை நர்சு ஒருத்தி பிறகு சொல்லித்தான் தெரியும்.

எனக்கு அது பிடிக்கவில்லை. ஒருமுறை காய்ச்சலில் படுத்திருந்தேன். ரசத்தை பிளாஸ்க்கில் ஊற்றித் தலைமாட்டில் வைத்துவிட்டுப் புடவை மாற்றினாள்.

"கட்டினவன் செத்தாக்கூட அங்க போயிட்டுதான் வருவியா?"

"மாத்திரைய எடுத்துப் போட்டுக்க ஒங்களுக்குக் கை இருக்குதுங்க. அங்க ஒரு அம்மாவுக்கு அதுவும் இல்ல."

"ஒனக்கு ஒரு தலைவலி வரட்டும். அன்னியோட சரி. வாசப்படி தாண்ட வுட மாட்டேன்."

டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டு வருடம் கழித்து, ஒரு பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்தபோது, பரணில் இருந்த அண்டாவை இறக்க அவளால் இடது கையைத் தூக்க முடியவில்லை. சுளுக்கு என்றாள். நம்பினேன். மாசியில் அந்த நர்சு எனக்குப் போன் செய்தாள். "சார், டீச்சரம்மாவ நீங்கதான் டாக்டராண்ட கூட்டிக்கினு வரணும். நாங்க சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க."

மார்பில் கட்டி. வெகுநாளாகவே இருந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். விக்கிரவாண்டி தாண்டியதும் கேட்டேன்.

"எப்பத்துலேர்ந்து?"

"போன ஆடிக்கு முன்னாடி."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா போக வுட்டிருப்பீங்களா?"

குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். டிக்கெட் கேட்டு வந்த கண்டக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

அதன்பிறகு எட்டு மாதம். மருந்து ஏற்றிய மறுநாளெல்லாம் அவளால் எழுந்திருக்க முடியாது. மத்தியானத்தில் நான் மோர்சாதம் பிசைந்து கொடுப்பேன். நாலு வாய்க்குமேல் இறங்காது. "நீங்க சாப்புடுங்க, பாத்துக்கினு இருக்கேன்" என்பாள். அந்த வாசப்படிப் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தினமும் நினைத்தேன். கேட்டால் அவள் சாகப்போகிறாள் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று தள்ளிப்போட்டேன்.

கார்த்திகை மழையில் போய்விட்டாள். எனக்குத் தெரியாத பெண்கள் நனைந்துகொண்டே வந்து, அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போனார்கள். ஒருத்தி மடியில் கட்டிவந்த வேர்க்கடலையை என் கையில் கொடுத்து, "அவங்களுக்குன்னு எடுத்து வச்ச மல்லாட்டைங்க" என்று அழுதாள்.

காரியம் முடிந்த பின் அந்த நர்சுக்கு நன்றி சொல்லப் போனேன். வார்டு வாசலில் நின்று, டீச்சரம்மா வீட்டுக்காரர் என்று சொல்லி நர்சைக் கேட்டபோது, காலில் கட்டுப் போட்டிருந்த வயதான அம்மாள் ஒருத்தி என்னை விசாரித்தாள்.

"டீச்சரம்மா வூட்டுக்காரரா? இந்தத் தடவ நான் வந்து படுத்ததுலேர்ந்து காணமே அவங்கள?"

"ஒடம்பு சரியில்லம்மா" என்றேன். என்னை மீறி வந்துவிட்டது.

"ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க. எங்களுக்கோசரம் ஓடியாந்தே ஒடம்பக் கெடுத்துக்கினாங்க."

தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். திண்டிவனம் பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்ததும் போனது. திரும்பிப் போய் அந்த அம்மாளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். போகவில்லை.