இருபத்து மூன்றாம் வரி

1987 டிசம்பர் 5, சனிக்கிழமை. காலை 4.45க்கு எழுந்தேன். ஜெபம், குளியல், 5.20க்குக் கம்பெனி பஸ். ஆறு மணி முதல் இரண்டு மணி வரை ஸ்டோர்ஸில் வேலை. 2.40க்குச் சாப்பாடு. மூன்று மணிக்கு, மத்திகிரி சாலையில் இருக்கும் எங்கள் ஆலயத்தின் சிறிய அறையில் பதிவேட்டைத் திறந்து வைத்து உட்கார்ந்தேன்.

இதை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆவி, தரிசனம் என்று யாராவது ஆரம்பித்தால், எத்தனை மணிக்கு, சாட்சி யார் என்று கேட்டு வாயை அடைக்கிறவன் நான்.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்குத் திருவிருந்து, அப்பமும் திராட்சரசமும் பெறும் ஆராதனை. பங்குபெற விரும்புகிறவர்கள் முந்தின நாள் வந்து பெயர் கொடுக்க வேண்டும். யாரோடாவது பகை இருந்தால் தீர்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். செயலாளர் என்ற முறையில் பெயர்களை எழுதுவது நான். அது கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் வேறு. கர்த்தர் எந்த நேரமும் வரலாம், ஆயத்தமாயிருங்கள் என்று போதகர் வாராவாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் ஆயத்தமாக இல்லை. மூன்று வருடம் முன்பு, மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளி சாராயக்கடை வாசலில், எங்கள் சபையைச் சேர்ந்த ஃபிட்டர் அருள்தாஸைப் பார்த்தேன். தேதி, நேரத்தோடு டைரியில் எழுதி, அதைக் கமிட்டியில் வாசித்தேன். அவர் பெயரைத் திருவிருந்திலிருந்து நீக்கினார்கள். குடித்துக்கிடந்த தன் தம்பியை வீட்டுக்கு இழுத்துப்போக அவர் அங்கே வந்திருந்தார் என்பது ஒரு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை. என் டைரியில் தப்பு வந்ததே இல்லை என்று பெயர் வாங்கியிருந்தேன். மனசாட்சி உறுத்தியதால் அன்றிலிருந்து திருவிருந்துக்கு என் பெயரை மட்டும் எழுதுவதில்லை. எழுதுகிறவன் பெயர் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

நான்கு மணிக்குள் இருபத்திரண்டு பேர் வந்து போனார்கள். அறைக்கு ஒரே வாசல்தான். அதன் படியில் உட்கார்ந்து எலிசபெத்தம்மாள் திருவிருந்துக் கிண்ணங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னா சார், ஆளே காணோம்? டைரியில இன்னிக்கி என்னா எழுதுவீங்க? ஈ ரெண்டு, கொசு மூணுன்னா?"

"நீங்க கிண்ணத்த எண்ணி வைங்கம்மா, போதும்."

4.25க்கு மேசைமேல் நிழல் விழுந்தது.

"பேர எழுதுங்கண்ணா."

அருள்தாஸின் குரல். நான் நிமிரவில்லை. நிமிர்ந்தால் மன்னிப்புக் கேட்டாக வேண்டும். நீல யூனிஃபார்ம் கையும் கிரீஸ் படிந்த விரல்களும்தான் தெரிந்தன. 23 என்று எண்ணைப் போட்டேன். அவர் கட்டைவிரல் அந்த எண்ணின் பக்கத்தில் அழுத்தி ஊன்றியது.

"அது உங்களுதுண்ணா. எனக்கு முன்னாடி நீங்கதான். ரெண்டு வருசமா எல்லார் பேரும் எழுதறீங்க, உங்க பேரு எங்க?"

இது என் மனைவிக்குக்கூடத் தெரியாது. ஒரு வரி விட்டு, 24 அருள்தாஸ் என்று எழுதினேன். நிமிர்ந்தபோது அறையில் யாரும் இல்லை.

வாசலுக்கு ஓடினேன். "அருள்தாஸ் எந்தப் பக்கம் போனாரு?"

எலிசபெத்தம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாரும் வரலியே சார். அவரு பெங்களூரு ஆஸ்பத்திரியிலல்ல கெடக்கறாரு? வேல செய்யறப்பவே காய்ச்சல் வந்து விழுந்துட்டாராம். மூணு நாளா நெனவில்ல. அவரு சம்சாரம் மேரி நேத்து வந்து அழுதுட்டுப் போச்சு. உங்களுக்குத் தெரியாதா?"

உள்ளே போய்ப் பார்த்தேன். என் கையெழுத்தில் 24 இருந்தது. 23க்குப் பக்கத்தில் ஈரமாக ஒரு கிரீஸ் ரேகை.

அப்போதே பஸ் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை, பயம். போய்ச் சேர்வதற்குள் அவர் இறந்துவிட்டால் யாரிடம் மன்னிப்புக் கேட்பேன்? எனக்கு முன்னாடி நீங்கதான் என்றாரே, அது எதற்கு முன்னாடி? சாவுக்கா? இரவு முழுக்க இந்த இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டு கண் மூடாமல் கிடந்தேன்.

அருள்தாஸ் பிழைத்துக்கொண்டார். அந்தச் சனிக்கிழமையைப் பற்றிக் கேட்டால் அவருக்கு ஒன்றும் நினைவில்லை. "தப்பாப் பாத்திருப்பீங்கண்ணா. உங்களுக்குத்தான் அது வழக்கமாச்சே" என்று சிரிக்கிறார். ஒன்பது வருடம் ஆகிவிட்டது. கிரீஸ் பட்டால் காகிதத்தில் எண்ணெய் பரவி அடுத்த பக்கத்துக்கும் இறங்கும். ஸ்டோர்ஸில் இருப்பவனுக்கு இது தெரியும். அந்த ரேகை பரவவில்லை, காயவும் இல்லை. போன வாரம் தொட்டேன், விரலில் ஒட்டியது. அவர் திடமாக நடமாடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷம்தான். கூடவே, முன்னால் இருக்கும் எண் என்னுடையது என்பதும் நினைவுக்கு வந்துவிடுகிறது. யாரோடும் மனத்தாங்கலை மறுநாளுக்கு வைத்துக்கொண்டு நான் படுப்பதில்லை.

1987 டிசம்பர் 6, ஞாயிறு. காலை 3.50க்கு எழுந்தேன். ஜெபத்துக்குக்கூட முழங்கால் போடவில்லை. முதல் வேலையாக மூன்று வருடம் முந்தைய டைரியை எடுத்து, அத்திப்பள்ளி என்று எழுதியிருந்த பக்கத்தைக் குறுக்காக அடித்து, "நான் எழுதியது தவறு, சாமுவேல்" என்று கையெழுத்துப் போட்டேன். அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, பெங்களூர் போகும் முதல் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.