ரோலர் கோஸ்டருக்குக் கீழே

சென்னையிலிருந்து ஆபீஸ்காரர்களோடு மும்பை தீம் பார்க்குக்கு வந்திருக்கிறேன். இரண்டு மாதக் கர்ப்பம். மூன்று முடியும்வரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. தலைசுற்றும் என்று சொல்லிவிட்டு, எல்லோருடைய பைகளோடும் ரோலர் கோஸ்டருக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன். மேலே ஒரே அலறல். உள்ளே இருப்பதற்கு இதெல்லாம் கேட்குமா?

பக்கத்தில், தாராவியிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒரு பெண். அவள் மடியிலும் பைகள்தான்.

“நீங்க ஏறலியாக்கா?”

“தலைசுத்தும்” என்கிறேன்.

புளி மிட்டாய் ஒன்றை நீட்டுகிறாள். வெடுக்கென்று வாங்கி வாயில் போட்டுக்கொள்கிறேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள் குரலைத் தாழ்த்துகிறாள்.

“எங்க வீட்லயும் தலைசுத்தும்னுதான் சொல்லி வச்சிருக்கேன். ஒங்களுக்கு எத்தன மாசம்க்கா?”