பூனைக்குக் கொடுத்த ஒரு வாய் மீன்

எண்பத்தைந்தாம் ஆண்டு. அப்போது நாங்கள் வேலணைக் கரையோரத்தில் இருந்தோம். கணவருக்குக் கடற்தொழில். வலை கிடக்கிற வீட்டில் எலிக்கா பஞ்சம்? ஓர் இரவு எலி கடித்தால் இரண்டு நாள் தொழிலை விட்டுக் கிழிந்த வலையைப் பொத்த வேண்டும். அதனால் ஒரு சாம்பல் பூனை வைத்திருந்தோம். கெட்டிக்காரி. ஆனால் வருடத்துக்கு மூன்று தரம் குட்டி போடும்.

எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். குட்டிகள் நடக்கத் தொடங்கியதும் உமலில், அதுதான் பனையோலைப் பையில், போட்டுக்கொண்டு போய் மீன் சந்தையில் விட்டுவிட்டு வருவேன். அங்கே தின்ன மீன் கிடைக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். மறுமுறை சந்தைக்குப் போனால் அவற்றைத் தேட மாட்டேன், பயம். தாய்ப்பூனை நாட்கணக்காக வீடெல்லாம் கத்திக்கொண்டு திரியும். கடைசித் தரம் எலும்பும் தோலுமாகப் போய்விட்டது. இன்னொரு பேற்றை அது தாங்காது என்று எனக்கே தெரிந்தது.

யாழ்ப்பாணம் கொண்டுபோய்க் குட்டி போடாமல் செய்யச் செலவழிக்க வசதி ஏது? அப்போதுதான் மாட்டாஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த இளம் டொக்டர் வியாழக்கிழமைப் பின்னேரங்களில் பூனைகளுக்குக் கருத்தடை செய்கிறார், மருந்துக்கு இயன்றதைக் கொடுத்தால் போதும் என்று கேள்விப்பட்டேன். போய்க் கேட்டேன்.

"கொண்டு வாங்கோ அக்கா. ஆனா அண்டைக்குக் காலமையில இருந்து தின்ன ஒண்டும் குடுக்கக் கூடாது" என்றார்.

எங்கள் வீட்டில் கடலுக்குப் போகிற ஆளை வெறும் வயிற்றோடு அனுப்புகிற வழக்கமில்லை. ஒரு பிடியாவது வாயில் போட்டுவிட்டுத்தான் படி இறங்க வேண்டும். திரும்பி வருவது நிச்சயமில்லாத பயணம் அல்லவா? வியாழக்கிழமை பூனையை உமலில் வைத்தபோது அது என் முகத்தைப் பார்த்துக் கத்தியது. குட்டிகள் போன அதே உமல். மனம் கேட்கவில்லை. அவித்த சூடை மீனில் இரண்டை உதிர்த்துக் கொடுத்தேன்.

"ஏதும் குடுத்தனீங்களோ?" என்று டொக்டர் கேட்டார். இல்லை என்றேன். உண்மையைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார். அடுத்த கிழமை பஸ் ஓடுமோ, ஊரடங்கோ, யாருக்குத் தெரியும்? படித்த மனிதருக்கு முன்னால் சொன்ன சொல் கேளாதவளாக நிற்கவும் வெட்கம்.

மயக்க ஊசி போட்டுச் சற்று நேரத்தில் பூனை சத்தி எடுத்தது. வாந்தி தொண்டையில் சிக்கி மூச்சு அடைத்துவிட்டது. டொக்டர் அதைத் தலைகீழாகத் தூக்கி, வாய்க்குள் துணி விட்டுத் துடைத்து, நெஞ்சை அமத்தினார். துணியில் மீன். பூனையின் நாக்கு நீலமாகக் கிடந்தது.

"நான்தான் குடுத்தனான் டொக்டர். பொய் சொல்லிப்போட்டன்" என்று நிலத்தில் குந்தியிருந்து அழுதேன். கடைசியில் அது ஒருமுறை செருமி மூச்சை இழுத்தது. எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

அன்றைக்கு வெட்ட ஏலாது என்று சொல்லிவிட்டுக் கை கழுவி வந்தார். ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். ஏன் கொடுத்தீர்கள் என்று மட்டும் கேட்டார். எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே டொக்டர் சொன்னார்:

"அப்ப இஞ்ச கனபேர் குடுத்துப்போட்டுத்தான் வருவினம். நான் கேட்டா சொல்லமாட்டினம். அடுத்த வியாழன் நீங்கள் வாசலில நிண்டு கேளுங்கோ."

கடவுள் புண்ணியம், பஸ் ஓடியது. இந்த முறை பூனையைப் பட்டினியாகவே கொண்டுபோய் வாசலில் நின்றேன். ஒரு பெண் செவலைப் பூனையைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வந்தாள். கேட்டேன். இல்லை என்று முகத்தைத் திருப்பினாள். அந்த முகம் எனக்குத் தெரியும், போன கிழமை என்னுடையது. நான் மீன் கொடுத்ததையும், பொய் சொன்னதையும், நீலமாகிப்போன நாக்கையும் ஒன்றும் ஒளிக்காமல் சொன்னேன்.

அவள் பூனையைத் தடவிக்கொண்டே நின்றாள். பிறகு, "கொஞ்சப் பால் குடுத்திட்டன் அக்கா" என்றாள்.

"பரவாயில்லை. அடுத்த கிழமை வாரும், முதல் ஆளா உம்மை விடுறன்" என்றேன்.

அன்று என் பூனைக்கு நல்லபடியாக முடிந்தது. அந்த உமலில் அதற்குப் பிறகு குட்டிகள் போகவில்லை. இன்றைக்கும் யாராவது எனக்கு முன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு பொய் சொன்னால் கோபத்துக்கு முன்னே அந்த நீல நாக்குத்தான் நினைவில் வரும். என் பிழையை முதலில் சொல்லிவிட்டுத்தான் அவர்களிடம் மறுபடி கேட்கிறேன்.